வெள்ளிக்கிழமை வந்த நான்கு பிள்ளைகள்

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஓர் ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், அரசு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் அவளை விட்டிருந்தேன். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஜன்னலில் கிழிந்த கொசுவலை. மீன் விற்கப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. நான் மீன் விற்பவள் இல்லை. இதுபோன்ற காப்பகங்களின் கோப்புகள் இருக்கும் அலுவலகத்தில், ஒப்பந்த அடிப்படையில் கணினியில் தட்டச்சு செய்பவள். வீடு முதலியார்பேட்டையில். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை.

வேலைக்குப் போகும் எந்தத் தாயின் குழந்தையையும் சேர்க்கலாம் என்றுதான் விதி இருந்தது. அதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். அப்படியும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் இருப்பவள் சலுகை எடுத்துக்கொண்டாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று, சொல்லாதவர்களின் முகத்தில்கூட அதைத் தேடினேன்.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்வார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே பலகையில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை என்று எழுதியிருக்கும். அவர் திறந்தது ஐந்தரைக்கு. விடியலில் படகுகள் கரைக்கு வரும், ஏலம் நடக்கும், ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு பெண்கள் பெரிய மார்க்கெட்டுக்கும் தெருக்களுக்கும் கிளம்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அக்காவை யாரும் சீக்கிரம் திறக்கச் சொல்லவில்லை, அவராகத் திறந்தார். அந்த மூன்றரை மணி நேரம் எங்கள் கோப்புகளில் எங்குமே இல்லை.

கோப்பில் இல்லாதது இன்னொன்றும் உண்டு. படகு கடலுக்குப் போகாத நாட்களில் அந்தக் கூடம் காலியாகக் கிடக்கும். மீன் வராவிட்டால் தாய் வீட்டில் இருப்பாள். தாய் வீட்டில் இருந்தால் பிள்ளையும் வீட்டில்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அக்காவுக்கு ஏறக்குறைய ஓய்வு நாள். கூண்டை இறக்கி, படகு போய்த் திரும்பிய காலையில் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. தேங்காய்த்திட்டில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் ஊர் யூனியன் பிரதேசம். இங்கே போடும் பட்ஜெட்டுக்கு டெல்லி சம்மதிக்க வேண்டும். அந்தப் பேச்சு மாதக்கணக்கில் நடக்கும். அந்த மாதங்களில் என்னைப் போன்ற ஒப்பந்த ஊழியர்கள் அலுவலகத்தில் நாற்காலியை இழுத்துப் போடக்கூட யோசிப்போம். எங்கள் ஒப்பந்தமும் மார்ச்சோடு முடிந்து, பட்ஜெட் வந்த பிறகுதான் புதுப்பிக்கப்படும். அந்த ஆண்டு நவம்பரிலேயே பேச்சு கசியத் தொடங்கியது. செலவைக் குறைக்காவிட்டால் கேட்டது கிடைக்காதாம். எந்த மையம் தேவை, எந்த மையம் வீண் என்று பட்டியல் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

ஒரு திங்கட்கிழமை மேலிருந்து படிவம் வந்தது. எங்கள் பிரிவில் பன்னிரண்டு காப்பகங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: பதிவில் உள்ள குழந்தைகள், கடந்த வெள்ளிக்கிழமை வந்த குழந்தைகள், பணியாளர்கள், குறிப்புரை. மறுநாள் மதியத்துக்குள் அனுப்ப வேண்டும்.

எங்கள் கண்காணிப்பாளர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தவர். படிவத்தை என் மேசையில் வைத்தார்.

"பதிவுல எத்தனையோ அதையே வருகையிலயும் போட்டுடும்மா."

"சார், வெள்ளிக்கிழமை வந்தவங்கன்னு கேட்டிருக்காங்களே."

"கேப்பாங்க. கொறச்சுக் காட்டினா வெட்டறதுக்குக் கத்திரிக்கோலோட ஒக்காந்திருக்காங்க. நம்ம கையில இருக்கறது இந்த ஒரு கட்டந்தான். ரொப்பு."

நான் நிரப்பினேன். பதினோரு காப்பகங்களுக்கு இரண்டு கட்டத்திலும் ஒரே எண். எல்லா ஆண்டும் செய்கிற வழக்கம்தான். அந்தப் பதினொன்றுக்கும் என் விரல் தயங்கவில்லை. பன்னிரண்டாவது வரியில் தேங்காய்த்திட்டு வந்தபோது நின்றுவிட்டேன். பதிவில் இருபத்தாறு. அந்த இருபத்தாறில் ஒன்று என் மகள். நாளைக்கு யாராவது சரிபார்க்க வந்தால், தன் பிள்ளை இருக்கும் இடத்துக்கே பொய் எழுதியவள் என்று என்னைத்தானே முதலில் கேட்பார்கள்? அந்த ஒரு வரியையாவது சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமையா?" என்று சிரித்தார் அக்கா. "அன்னிக்குத்தான் கூண்டு ஏத்தி வச்சிருந்தாங்களே, எவ வருவா? நாலு பேரு. அதுல ஒண்ணு உன் மகாராணி. ஒரு சட்டி கஞ்சி வச்சிட்டு நாலு வாண்டும் நானுமா மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கினு கெடந்தோம்."

நான்கு என்று எழுதினேன். குறிப்புரைக் கட்டத்தில், "புயல் எச்சரிக்கையால் படகுகள் கடலுக்குச் செல்லவில்லை, தாய்மார்கள் வீட்டில் இருந்ததால் வருகை குறைவு" என்று தட்டினேன். அதைப் படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வரிகளில் அந்த ஒரு வரிக்கு மட்டும் குறிப்பு. என் பிள்ளைக்காக வக்காலத்து வாங்குவதுபோல் இருந்தது. அழித்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன். குழந்தையை அழைத்து வர நேரமாகிவிட்டது. கட்டத்தைக் காலியாக விட்டு, அச்செடுத்துக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன்.

"இது இன்னா, நாலு?"

"அவ்வளவுதான் சார் வந்தாங்க."

"உன் பொண்ணும் அங்கதான இருக்கா?"

"ஆமா சார். அதனாலதான்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லவளா இருக்கறதும் ஒரு தொந்தரவும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏன் இவ்வளவு குறைவு என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஆனால் சொல்வதற்கு ஒருவர் கேட்க வேண்டும் என்பதில்லை.

டிசம்பர் முழுக்கப் போராட்டம். சங்கங்கள் தர்ணா இருந்தன. அரிசி நிற்கும், முதியோர் உதவி நிற்கும், தினக்கூலிகளை எடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வதந்தி. அதிகாரிகள் டெல்லிக்குப் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். எந்த நலத்திட்டமும் நிறுத்தப்படாது, எந்த வேலையும் பறிபோகாது என்று பேட்டி வந்தது. நான் அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்பறம் இன்னா? நிம்மதியா சாப்பிடு" என்றார் அவர். "நீ இருக்கறத பாத்தா டெல்லிக்கே நீதான் கணக்கு சொல்லணும்போல கீது."

பொங்கல் முடிந்து பட்டியல் வந்தது. அதில் நிறுத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. இணைப்பு என்று இருந்தது. எங்கள் பிரிவில் ஒரே ஒரு இணைப்பு. தேங்காய்த்திட்டுக் காப்பகம், வருகை மிகக் குறைவாக இருப்பதால், ஏப்ரல் முதல் முதலியார்பேட்டைக் காப்பகத்துடன் இணைக்கப்படும். அங்கே ஏற்கனவே பணியாளர் இருப்பதால் கூடுதல் பணியாளர் தேவையில்லை.

முதலியார்பேட்டைக் காப்பகம் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். எனக்கு அது வசதி. துறைமுகத்தில் மீன் எடுக்கும் பெண்களுக்கு அது இல்லாத மாதிரி. பட்டியலைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இது என் வசதிக்கு நடந்ததாக யாராவது நினைப்பார்களே என்ற பயம்தான் வந்தது. அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து மகளை விடப் போனபோது அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஏழெட்டுப் பெண்கள் கூடைகளை வாசலில் வைத்துவிட்டு எனக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று கடல் நன்றாக இருந்தது. கூடத்தில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, மனு எழுதணும். நீ படிச்சவ, ஆபீஸ் பாஷை தெரியும். எங்களுக்காக எழுதித் தா."

நான் தரையில் உட்கார்ந்து எழுதினேன். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், பிள்ளையை எங்கே விடுவார்கள் என்று கேட்டேன். கருத்த, உயரமான ஒரு பெண், இரட்டைப் பிள்ளைகளின் தாய், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

"எங்க வுடறது? மீன் பெட்டியில போட்டு மேல ஐஸ் அள்ளிக் கொட்டிட்டுப் போவணும். சாயங்காலம் வரைக்கும் கெடாம இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எழுது யம்மா. நாலு புள்ளதான் வருதுன்னு எழுதிக் குடுத்த புண்ணியவான் ஒரு நாள் இங்க வந்து இதுங்கள எண்ணட்டும். எண்ணி முடிச்சிட்டு ரெண்டு பேருக்குக் கால் கழுவி வுட்டுட்டுப் போவட்டும்."

"ஆம்பள எவனாவதுதான் எண்ணியிருப்பான்" என்றாள் இன்னொருத்தி. "பொம்பளைக்குத் தெரியாதா, கூண்டு ஏத்தினா எவ புள்ளைய அனுப்புவான்னு?"

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். புயல் எச்சரிக்கையால் படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. தாய்மார்கள் வீட்டில் இருந்ததால் வருகை குறைவு. அழித்த வாக்கியம் அப்படியே வந்தது. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"பாத்தியா, எப்படிச் சுருக்கமாப் போட்டுட்டா!" என்று அக்கா பெருமையாகச் சொன்னார். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். அந்த உயரமான பெண் என் முன்னால் இரண்டு சங்கரா மீனை ஒரு பையில் போட்டு வைத்தாள். வேண்டாம் என்றேன். "லஞ்சம் இல்ல, கொழம்பு வையி" என்றாள். அன்று அந்த மீனை நான் சமைக்கவில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதிய மனு மேலே போய், குறிப்பு கேட்டு, பத்து நாளில் என் மேசைக்கே வந்தது. அந்தப் பிரிவின் எழுத்து வேலை என்னுடையது என்பதால் பதில் வரைவும் நான்தான் போட வேண்டும். என் கையெழுத்திலேயே இருந்த மனுவுக்கு நானே பதில்.

ஒரு பக்கம் தட்டினேன். படிவத்தில் கேட்கப்பட்ட வெள்ளிக்கிழமை புயல் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது. அதைக் குறிப்புரையில் சேர்க்காதது என் தவறு. சாதாரண நாளில் பிள்ளைகள் இருபதுக்கும் மேல் வருகிறார்கள். நேரில் ஆய்வு செய்து முடிவை மாற்ற வேண்டும். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு நேராக வந்தது.

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இதுல ஒரு வார்த்தைகூட தப்பில்லம்மா. இத அனுப்பினா வந்து பாப்பாங்க. இந்த எடத்த மட்டும் பாப்பாங்களா? ஒண்ணு தப்புன்னா பன்னெண்டையும் திருப்பி எண்ணுவாங்க. அந்தப் பதினொண்ணுல நாம இன்னா போட்டோம்னு ஒனக்கே தெரியும்."

"அங்கெல்லாம் பாதிக்கு மேல வருவாங்க சார்."

"பாதி. பேச்சு இன்னும் முடியல. பாதின்னு காட்டினா பாதி மையத்த எடுத்துடுவாங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பொம்பளைங்க வேல செய்யறாங்க." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கோபம் இல்லை அவருக்கு. களைப்பாகத்தான் இருந்தார். "பொய் கையெழுத்து நான்தான் போட்டேன். பென்ஷன் போனாலும் போவட்டும், நீ அனுப்பணும்னு சொன்னா இதுலயும் போடறேன். சாப்பாட்டுக்கு அப்பறம் வந்து சொல்லு."

நான் சாப்பிடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மற்றப் பதினோரு இடங்களின் பெண்களும் போனில் எனக்குக் குரலாகப் பழக்கமானவர்கள். ஒருத்தி புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள். இன்னொருத்தியின் கணவன் போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர்களை நினைத்தேன். என் ஒப்பந்தத்தை நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன். பொய்யான படிவத்தைத் தட்டச்சு செய்தவள் என்று என் பெயர்தான் முதலில் போகும். மார்ச் முடிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம்கூட வேண்டாம். புதுப்பிக்காமல் விட்டாலே போதும். இந்த இரண்டு காரணங்களில் எது பெரிதாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெரியதைச் சொல்லிச் சின்னதை மறைத்துக்கொண்டேனா, நிஜமாகவே அந்தப் பெண்களுக்காகத்தான் செய்தேனா?

இரண்டு மணிக்கு உள்ளே போய், "வேண்டாம் சார்" என்றேன். அவர் தலையாட்டினார். மனுவுக்கு, கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரி பதில் போனது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். மற்றப் பதினோரு காப்பகங்களும் இன்றும் இருக்கின்றன.

பட்ஜெட் வந்தது. பேச்சுவார்த்தையில் நலத்திட்டங்கள் காப்பாற்றப்பட்டன என்றும், ஒருவருக்கும் வேலை போகவில்லை என்றும் செய்தி வந்தது. தேங்காய்த்திட்டுக் காப்பகம் இணைக்கப்பட்டதே தவிர மூடப்படவில்லை. அக்கா தினக்கூலி. தினக்கூலிக்கு வேலை போவதை வேலை போனது என்று கணக்கில் சேர்ப்பதில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஏப்ரல் முதல் வாரம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன்பு, ஒரு காலை துறைமுகத்துக்குப் போனேன். அக்கா அங்கே மீன் வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏலக் கூடத்தின் ஓரத்தில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு காலிப் பெட்டிகளில் அந்த உயரமான பெண்ணின் இரட்டைப் பிள்ளைகள், பெட்டிக்கு ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. முகத்தில் ஈ மொய்க்காமல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"இதுங்க ரெண்டும் சொந்த முடிவுல இணைஞ்சிடுச்சிங்க" என்றார் அக்கா. "அவ கொண்டாந்து போட்டுட்டுப் போயிடறா. வெட்டற நேரத்துல இன்னா பண்ண முடியும், ஒரு கண்ணு அங்க, ஒரு கண்ணு இங்க." இடது கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

நான் குந்தி உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே தொடங்கினார்.

"என்னாலதான் தங்கச்சி எல்லாம். அன்னிக்கு நீ போன் பண்ணப்போ நாலுன்னு உள்ளத ஒளறிட்டேன். இருவதுன்னு சொல்லியிருக்கலாம், நீ எழுதியிருப்ப. பதினோரு வருசம் வேல செஞ்சும் எனக்கு அந்தச் சூது வரல. உன் புள்ளைக்கும் எடம் போச்சு."

அவர் அத்தனை மாதமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு மேல் என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. குறிப்புரைக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதி அழித்ததைச் சொன்னேன். ஏன் அழித்தேன் என்றும், மற்றவர்களுக்கு என்ன எழுதினேன் என்றும், பிறகு எழுதிய பக்கத்தை எப்படித் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்றும் சொன்னேன். ஏலக்காரர் கத்திக்கொண்டிருந்ததால் சில இடங்களில் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா ஒரு மீனை எடுத்துச் செதில் சீவினார். அதை முடித்து இன்னொன்றை எடுத்தார்.

"அப்ப மனு எழுதிக் குடுத்தப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்கா."

"நாங்க அத்தன பேரும் உன் எதுர்ல ஒக்காந்து எண்ணினவன வைதோம்."

"ஆமாக்கா."

திட்டியிருந்தால் தேவலை. ஒருவர் வந்து ஒரு கூடை வஞ்சிரத்தைக் கொட்டித் துண்டு போடச் சொன்னார். அக்கா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினார். பாதி வெட்டும்போது, மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா இப்ப எங்க?"

"முதலியார்பேட்டை சென்டர்ல."

"அங்க சாதத்த நல்லாக் கொழைச்சுத் தராங்களா? முழுப் பருக்கையா இருந்தா அவ வாயிலயே வச்சிக்கினு இருப்பா, முழுங்க மாட்டா. அவுங்களுக்குச் சொல்லி வச்சியா?"

நான் சொல்லி வைக்கவில்லை. என் மகளுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"போ, ஆபீசுக்கு நேரமாவுது" என்றார் அக்கா. பெட்டியில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. அதைத் தூக்கப் போனேன். "வுடு, நான் பாத்துக்கறேன்" என்று அவர் ரத்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் சரியான நேரத்துக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.